அம்மாவின் கைக்கடிகாரமும் 7,200 கிலோமீட்டரும்

"எவ்வளவு நேரம்டா ஆகும்?" என்று அம்மா போனில் கேட்டார். டிக்கெட் போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. வாழ்நாளில் முதன்முறையாகத் தனியாக விமானம் ஏறப்போகிறார். நான் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் இணையத்தில் தட்டினேன். தூரம் 7,200 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 9 மணி என்று வந்தது. "ஒன்பது மணி நேரம்மா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

அந்த ஒன்பதை அம்மா அப்படியே பிடித்துக்கொண்டார். விமானக் கதவைச் சாத்தியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை மனதில் குறித்துக்கொண்டாராம். முன்சீட்டுத் திரையில் வரைபடம் பார்க்கலாம் என்பது அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. கடிகாரம் ஒன்றுதான் துணை. ஒன்பது மணி நேரம் முடிந்தது. ஜன்னலுக்கு வெளியே மேகம்தான். விமானம் இறங்குகிற அடையாளமே இல்லை. பக்கத்து சீட்டில் இருந்தவர் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு தூங்குகிறார், எழுப்பிக் கேட்கக் கூச்சம். கடைசியில் கதவு திறந்தபோது 10 மணி 20 நிமிடம் ஆகியிருந்தது.

வெளியே வந்து என்னைப் பார்த்ததும் அம்மா முதலில் சொன்னது இதுதான்: "ஒன்பது மணி நேரம்னு சொன்னியேடா. அதுக்கு மேல ஆனதும் ஏதோ கோளாறுன்னு நினைச்சு உள்ளங்கையெல்லாம் வேர்த்துப்போச்சு."

அந்த வாக்கியம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. நான் சொன்ன எண் பொய் இல்லை. ஆனால் அது எதைக் கணக்கிட்டு வந்த எண் என்று தெரியாமலே அதை அவர் கையில் கொடுத்திருக்கிறேன். அதற்கப்புறம்தான் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம் என்றால் என்ன, நேரம் என்றால் என்ன என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் தூரம். வீட்டில் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு உலக உருண்டை இருக்கிறது. அதன் சுற்றளவு ஏறக்குறைய 94 சென்டிமீட்டர். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். ஆக, உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 425 கிலோமீட்டர். ஒரு தையல் நூலை எடுத்து நியூயார்க்கில் ஒரு விரலாலும் லண்டனில் ஒரு விரலாலும் அழுத்திக்கொண்டு, நூல் தொய்வில்லாமல் இழுத்தேன். அப்படி இழுக்கும்போது நூல் தானாகவே வடக்குப் பக்கம் கொஞ்சம் நழுவி ஓரிடத்தில் நிற்கும். அதுதான் மிகக் குறுகிய வழி. நூலை ஸ்கேலில் வைத்துப் பார்த்தால் 13 சென்டிமீட்டர். 425-ஆல் பெருக்கினால் 5,525. கென்னடி விமான நிலையத்திலிருந்து ஹீத்ரோவுக்கு உண்மையான தூரம் சுமார் 5,550 கிலோமீட்டர். ஒரு துண்டு நூல் இவ்வளவு கிட்டத்தில் கொண்டுபோய்விடும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

அந்த நூல் கிடக்கும் கோட்டுக்குத்தான் பெருவட்டம் என்று பெயர். பூமியின் மையம் வழியாக வெட்டினால் மேற்பரப்பில் விழும் வட்டம் அது. கணினி இதே வேலையை அட்சரேகை, தீர்க்கரேகைகளை வைத்துக்கொண்டு செய்கிறது. பூமியைச் சரியான கோளமாக எடுத்துக்கொண்டால் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர். ஆனால் பூமி இடுப்பில் கொஞ்சம் பருத்தது. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378, துருவத்தில் 6,357. இந்தப் பருமனையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை வின்சென்டி என்ற நில அளவையாளர் 1975-இல் வெளியிட்டார். ஒரே இரண்டு ஊர்களுக்கு ஒரு இணையதளம் 5,540 என்றும் இன்னொன்று 5,555 என்றும் சொன்னால் குழம்ப வேண்டியதில்லை. ஒன்று பூமியைப் பந்தாக நினைத்திருக்கும், மற்றொன்று அமுங்கிய பந்தாக. இதில் தூக்கம் கெடுக்கும் அளவுக்கு வித்தியாசம் வராது. ஊரின் நடுவிலிருந்து அளந்தார்களா, ஓடுபாதையிலிருந்து அளந்தார்களா என்பதாலும் கூடக்குறைய வரும். டோக்கியோவின் நரிட்டா விமான நிலையம் நகர மையத்திலிருந்து 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஊர்ப்பெயரைச் சரிபார்ப்பதில்தான் நிஜமாகவே கவனம் வேண்டும். பர்மிங்ஹாம் இங்கிலாந்திலும் உண்டு, அமெரிக்காவின் அலபாமாவிலும் உண்டு. விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பார்த்துத் தேடினால் இந்தச் சிக்கல் வராது.

என்னை அசரவைத்த ஒரு கணக்கு உண்டு. பெய்ஜிங்கும் நியூயார்க்கும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 40 டிகிரி வடக்கில் இருக்கின்றன. சுவரில் மாட்டும் உலகப்படத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பசிபிக்கின் குறுக்கே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் கிடைமட்டமாகப் போகும். அந்தக் கோட்டின்மேலேயே ஒருவர் பறந்தால் 14,300 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். உருண்டையில் நூலை வைத்து இழுத்தால் 11,000 கிலோமீட்டர்தான். நூல் பசிபிக் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நேராக வடக்கே ஏறி, 84 டிகிரி அட்சரேகை வரை போய், வட துருவத்தை ஒட்டி வளைந்து அந்தப் பக்கம் இறங்குகிறது. மிச்சமாகும் 3,300 கிலோமீட்டர் என்பது ஜெட் விமானத்தில் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம்.

சுவர்ப்படம் நம்மை ஏமாற்ற நினைத்து வரைந்தது இல்லை. 1569-இல் மெர்கேட்டர் அந்தப் படத்தை மாலுமிகளுக்காகப் போட்டார். திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு கப்பல் ஓட்டுகிறவருக்கு அதில் போடும் நேர்கோடு அப்படியே உதவும். தூரம் பார்க்க அது உதவாது, அவ்வளவுதான். விமானத் திரையில் வழி வில்லாக வளைந்திருப்பதைப் பார்த்து, "ஏன் இப்படிச் சுற்றிப் போகிறான்?" என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நூலும் உருண்டையும் கையில் இருந்தால் அரை நிமிடத்தில் காட்டிவிடலாம்.

சரி, தூரம் கையில் வந்துவிட்டது. இது உறுதியான எண், நாளைக்கும் மாறாது. நேரம்தான் அப்படி இல்லை.

பல தளங்கள் நேரத்தைச் சொல்லும் விதம் ரொம்ப எளிது. தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்துவிடும். மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 7,200-க்கு எட்டரை மணி வரும். அரை மணி சேர்த்தால் ஒன்பது. அம்மாவிடம் நான் சொன்ன ஒன்பது இங்கிருந்துதான் பிறந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் காற்று அடிக்கவில்லை. விமானம் நூல் கிடந்த கோட்டிலேயே போகிறது. ஓடுபாதைக்கு வரிசையில் நிற்கவில்லை. இறங்கும் இடத்தில் யாரும் காத்திருக்கச் சொல்லவில்லை. இந்த நான்கும் ஒன்றாக நடக்கும் நாள் அபூர்வம்.

காற்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் பெரிய ஆள். பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தில், தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் மேலே, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறுபோல ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் அது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. இதை 1920-களில் ஜப்பானின் டடேனோ ஆய்வகத்தில் பலூன்களைப் பறக்கவிட்டு அளந்து எழுதிவைத்தவர் வசாபுரோ ஒயிஷி. உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று தன் அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அந்த மொழியைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்ததால் அது பெரிதாகக் கவனம் பெறவில்லை. 1944-இல் ஜப்பான்மேல் மிக உயரத்தில் பறந்த அமெரிக்க குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் நேரடியாகச் சிக்கிக்கொண்ட பிறகே அமெரிக்கர்களுக்கு அதன் பலம் முழுதாகப் புரிந்தது. ஒயிஷியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்து, எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று யோசித்து எழுதியும் அது போய்ச் சேரவில்லை.

விமானத்தின் வேகம் என்பது சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகம். நகரும் நடைமேடையில் நடப்பதுபோலத்தான். நீங்கள் நடப்பது அதே வேகம், மேடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பொறுத்து சீக்கிரமோ தாமதமோ போய்ச் சேர்வீர்கள். 2020 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் கியாரா புயல் வீசியபோது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையை வைத்துப் பார்த்தால் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் அது ஒலியின் வேகத்தைத் தாண்டவில்லை, ஏனென்றால் அதைச் சுற்றியிருந்த காற்றே ஓடிக்கொண்டிருந்தது. அதே பாதையில் மேற்கே திரும்பிப் போகிறவர்கள் சாதாரண நாளிலேயே ஏழரை, எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். தூரம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இதனால்தான் வட அட்லாண்டிக்கில் நிலையான சாலை மாதிரி ஒரு பாதை கிடையாது. அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் இருக்கும் ஷான்விக், கனடாவின் காண்டர் என்ற இரண்டு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையங்களும் அன்றன்றைய காற்றைப் பார்த்துப் பாதைகளை வகுத்துக் கொடுக்கின்றன. கிழக்கே போகிற விமானங்களுக்குக் காற்றோடு சேர்ந்தும், மேற்கே போகிறவற்றுக்குக் காற்றுக்கு ஒதுங்கியும். இன்று போன வழியில் நாளை போக மாட்டார்கள்.

தூரம் கூடினாலும் நேரம் குறையலாம் என்று முதலில் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா அதைச் செய்து காட்டியது. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வழக்கமாக மேற்கே அட்லாண்டிக் வழியாகப் போகும் விமானத்தைக் கிழக்கே பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். அட்லாண்டிக் வழி சுமார் 13,900 கிலோமீட்டர், பசிபிக் வழி சுமார் 15,300. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றியும், காற்று முதுகில் இருந்ததால் பதினான்கரை மணி நேரத்தில், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது.

அம்மா வந்தது மேற்கு நோக்கி. அந்தக் காற்றை எதிர்த்துக்கொண்டுதான் அன்று முழுவதும் பறந்திருக்கிறார்.

அடுத்தது வானத்தில் உள்ள எல்லைகள். நூல் எந்த நாட்டின் மேலேயும் கிடக்கும், விமானம் அப்படிப் போக முடியாது. 2022-இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடியது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ 7,800 கிலோமீட்டர், ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு அது 13 மணி நேரமாகிவிட்டது. வட துருவத்தின் மேலேயோ, தெற்கே வெகுதூரம் சுற்றியோ போகிறார்கள். எந்தத் தளத்தில் பார்த்தாலும் ஹெல்சிங்கி–டோக்கியோ தூரம் இன்றைக்கும் அதே 7,800-தான் காட்டும். திபெத்தியப் பீடபூமிக்கு வேறு காரணம். கேபினில் காற்றழுத்தம் போனால் விமானம் சீக்கிரமாக 10,000 அடிக்கு இறங்க வேண்டும். தரையே அதைவிட உயரமாக இருந்தால் எங்கே இறங்குவது? அதனால் அந்தப் பகுதியைப் பெரும்பாலும் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

இதெல்லாம் வானத்தில். அம்மாவின் கடிகாரம் ஓட ஆரம்பித்தது தரையில், கதவு சாத்தியபோது. இதை நான் யோசிக்கவே இல்லை.

விமானத் துறையில் இரண்டு நேரங்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பி மறுபடி தரையைத் தொடும் வரை ஒன்று. இன்னொன்றுக்கு பிளாக் டைம் என்று பெயர். நிற்கும் விமானம் நகராமல் இருக்கச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை இருக்கிறதல்லவா, அதை எடுத்துவிட்டு விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் வரை. டிக்கெட்டில் அச்சாகும் நேரம் இந்த இரண்டாவது கணக்கை ஒட்டியது. இடையில் புஷ்பேக் (ஒரு வண்டி விமானத்தைப் பின்னால் தள்ளி வெளியே விடுவது) உண்டு, ஓடுபாதைக்கு உருண்டு போவது உண்டு, வரிசை உண்டு. ஆம்ஸ்டர்டாமின் போல்டர்பான் ஓடுபாதை கட்டடத்திலிருந்து அவ்வளவு தள்ளி இருப்பதால் உருண்டு வருவதற்கே கால் மணி நேரம் ஆகலாம். இறங்கும் இடத்தில் நெரிசல் என்றால் வானத்தில் வட்டமடிக்கச் சொல்வார்கள். விமான நிறுவனங்கள் இதையெல்லாம் தெரிந்துகொண்டு அட்டவணையில் கொஞ்சம் கூட்டியே போடுகின்றன. அமெரிக்காவில் குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அந்த விமானம் நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு. கூட்டிப் போடுவதைச் சிலர் ஏமாற்று என்கிறார்கள். எனக்கு அது பயணிக்குச் செய்யும் மரியாதையாகவே படுகிறது. ஒன்பது என்று சொல்லிப் பத்தில் வருவதைவிட, பத்தரை என்று சொல்லிப் பத்தில் வருவது எவ்வளவோ மேல். அம்மாவின் டிக்கெட்டில் அந்த இரண்டாவது எண் இருந்திருக்கிறது. அதைப் பார்க்காமல்தான் நான் வேறெங்கோ தேடப் போனேன்.

தூரம் குறையக் குறைய இந்தத் தரை நேரத்தின் பங்கு கூடும். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு ஒரு விமானம் போகிறது. தூரம் 2.7 கிலோமீட்டர். ஹீத்ரோவின் ஓடுபாதையே 3.9 கிலோமீட்டர் நீளம், அதைவிட இது குறைவு! பறப்பது இரண்டு நிமிடத்துக்குள், காற்று சரியாக இருந்த ஒரு நாளில் 53 விநாடி. மறுமுனையில் சிங்கப்பூர்–நியூயார்க்: 15,300 கிலோமீட்டர், 18 மணி நேரத்துக்கு மேல். அங்கே கால் மணி உருண்டு போனால் யாருக்கும் தெரியாது. காற்று மாறினால்தான் தெரியும்.

டிக்கெட்டில் இருக்கும் புறப்பாடு, வருகை இரண்டையும் கழித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். திங்கள் இரவு 9 மணிக்கு டோக்கியோவில் ஏறி ஹொனலூலுவில் இறங்கினால் அங்கே திங்கள் காலை 9 மணியாக இருக்கும். கழித்தால் ஏறுவதற்கு 12 மணி நேரம் முன்பே இறங்கியதாக வரும். இரண்டு நேரத்தையும் முதலில் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிக்கொண்டு அப்புறம் கழித்தால் சரியான ஏழு மணி நேரம் கிடைக்கும். அல்லது அம்மா செய்ததைச் செய்யலாம். அவர் கடிகாரத்தை மாற்றவே இல்லை. நிஜமான பயண நேரம் பார்க்க அதைவிட நல்ல வழி எனக்கு இதுவரை தெரியாது.

மூன்று மாதம் கழித்து அம்மா திரும்பிப் போகும் நாள் வந்தது. இந்த முறை நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவருக்குக் கண்ணாடி இல்லாமலும் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில்:

"கதவு சாத்தியதும் மணி பார்த்துக்கொள். பறக்கவே அரை மணி ஆகலாம், பயம் வேண்டாம். போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், அதனால் வந்ததைவிடச் சீக்கிரம் போய்விடும். எட்டேகாலிலிருந்து ஒன்பதரை மணி நேரத்துக்குள் கதவு திறக்கும். ஒன்பதரை தாண்டினால் கீழே இறங்க இடம் இல்லாமல் சுற்றுகிறது என்று அர்த்தம். முன்சீட்டுத் திரையில் விமானப் படம் போட்ட பொத்தானைத் தொட்டால் எங்கே இருக்கிறாய் என்று தெரியும்."

அம்மா அதை இரண்டு தடவை படித்தார். பாஸ்போர்ட்டின் உள்ளே மடித்து வைத்துக்கொண்டார். "பின்னாலேர்ந்து காத்து தள்ளுமா? அவ்ளோ பெரிய பிளேனையா?" என்று மட்டும் கேட்டார். உருண்டையை எடுத்துவந்து, நூலைப் பிடிக்கச் சொல்லி, எந்தப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது என்று விரலால் காட்டினேன். நூலின் ஒரு முனையை அவர் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார், எங்கள் ஊர் இருக்கும் புள்ளியில்.

அன்று நான் தூங்கவில்லை. இறங்கியதும் போன் செய்தார். நலமா, சாமான் வந்ததா என்று நான் கேட்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"எட்டு மணி முப்பத்தஞ்சு நிமிஷம்டா. கதவு சாத்தினதுலேர்ந்து பார்த்துட்டே வந்தேன். நடுவுல ஒரு எடத்துல ஸ்கிரீன்ல ஆயிரத்து அம்பதுன்னு வேகம் காட்டுச்சு. பக்கத்துல ஒரு பொண்ணு ஏன் இவ்ளோ வேகமாப் போகுதுன்னு பயந்துச்சு. நான்தான் சொன்னேன், பின்னாலேர்ந்து காத்தும்மா, ஒண்ணும் இல்லன்னு."